“எல்லாம் நானே செஞ்சுக்குவேன்”: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரின் அன்றாடத் திறனை மதிப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓ.டி. என்று சொன்னால் “ஓவர்டைமா?” என்று கேட்பவர்கள் நம்மவர்களில் இன்னும் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பதன் சுருக்கம் அது. பக்கவாதமோ இடுப்பு எலும்பு முறிவோ வந்து மருத்துவமனையில் கிடந்தவர் வீட்டுக்குப் போனால் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பார் என்று பார்ப்பது எங்கள் வேலை. சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

தாதியும் டாக்டரும் ‘ஏடிஎல்’ ‘ஏடிஎல்’ என்கிறார்களே, அது என்ன?

ஒரு மனிதர் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளச் செய்யும் அடிப்படை வேலைகள்தான். சிங்கப்பூரில் ஆறு வேலைகளைக் கணக்கில் எடுக்கிறார்கள்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, வீட்டுக்குள் நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது.

இவற்றுக்கு நாம் நினைப்பதைவிடக் குறுகலான பொருள் உண்டு. சாப்பிடுவது என்றால் சமைத்துத் தட்டில் வைத்த உணவை வாய்க்குக் கொண்டுபோவது. சமையல் இதில் சேராது. நடமாடுவது என்றால் சமதரையில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவது. “அப்பாவால் எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் நடக்க முடியவில்லை, அவருக்கு நடமாட்டமே போய்விட்டது” என்று ஒரு மகள் வாதாடினார். அவர் அப்பா கூடத்திலிருந்து படுக்கையறைக்கு வாக்கரை வைத்து நன்றாகவே நடந்தார். கணக்குப்படி அவர் நடக்கிறவர்தான்.

வார்டில் நன்றாக நடந்தாரே, வீட்டுக்கு வந்ததும் ஏன் முடியவில்லை?

வார்டு வேறு, வீடு வேறு என்பதால்தான். வார்டில் கட்டிலின் உயரத்தைப் பொத்தானை அழுத்தி மாற்றலாம். கழிவறையில் இருபக்கமும் கைப்பிடி இருக்கும், தரை சமமாக இருக்கும், மணியடித்தால் தாதி வருவார். வீட்டில் மெத்தை தாழ்ந்து கிடக்கும், சோபாவில் உட்கார்ந்தால் அமுங்கும். பழைய வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு படி இருக்கும். அந்தப் படி ஒரு சாண் உயரம்கூட வராது. ஆனால் ஒரு கால் வலுவிழந்தவருக்கு அதுதான் மலை.

என் அப்பாவுக்கே இது நடந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவசரமாக டிஸ்சார்ஜ் செய்தார்கள். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். வீட்டில் படி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற நானும் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. இரவு பத்து மணிக்கு அவர் குளியலறை வாசலில் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் நின்றார். அன்றிலிருந்து, டிஸ்சார்ஜுக்கு முன்னால் குடும்பத்தாரிடம் குளியலறையைக் கைப்பேசியில் படம் எடுத்துவரச் சொல்கிறேன். வாசல், கழிவறைக் கோப்பை, குழாய் இருக்கும் பக்கம், கட்டிலின் உயரம் என்று நாலு படம் போதும். தெரபிஸ்ட் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.

படுக்கையில் கிடந்ததாலேயே உடம்பு தளர்ந்துபோவதும் உண்டு. அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நோய் வருவதற்கு முன்பு செய்துகொண்டிருந்த ஏதோ ஓர் அன்றாட வேலையைச் செய்ய முடியாதவராகத்தான் வீடு திரும்பினார் என்று கண்டார்கள். வந்த நோய் குணமாகியிருக்கும், கால் மட்டும் மறந்திருக்கும்.

அப்பா எல்லாரிடமும் “நானே செஞ்சுக்குவேன்” என்கிறார். நான் குறுக்கே பேசலாமா?

பேச வேண்டும். ஆனால் அவர் முகத்துக்கு நேரே “பொய் சொல்றார்” என்று சொல்லாதீர்கள். அவர் சொல்வது பொய்யும் அல்ல. மனைவி தண்ணீர்ச் சூட்டைப் பார்த்து வைத்து, முதுகைத் தேய்த்து, துண்டைக் கையில் கொடுத்து, கைலியை இடுப்பில் சுற்றிவிடுவதெல்லாம் அவர் கணக்கில் உதவியே இல்லை. நாற்பது வருடமாக வீட்டில் நடப்பதுதானே! அதனால் “குளிக்க முடியுமா?” என்பது உதவாத கேள்வி. “இன்று காலை குளித்தீர்களா? எப்போது? யார் பக்கத்தில் நின்றார்கள்? கடைசியாகத் தலையைத் துவட்டியது யார்?” என்று கேட்டால்தான் உண்மை வரும்.

என் வேலையில் நான் கற்றது இந்த ஒன்றுதான் என்றே சொல்வேன். முடியுமா என்று கேட்டால் பதிலில் மானம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் நடந்தது வரும்.

அவர் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், தெரபிஸ்டையோ மருத்துவ சமூகப் பணியாளரையோ வார்டுக்கு வெளியே தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் மொழிபெயர்த்தால் போதாதா?

நீங்கள் இருப்பது நல்லதுதான். ஆனால் நான் பக்கத்தில் நின்று கேட்ட ஓர் உரையாடலைச் சொல்கிறேன். தெரபிஸ்ட் கேட்டது: குளிக்கும்போது யாராவது உதவி செய்கிறார்களா? மகன் அதைச் சொன்னது: “குளிக்கிறியாம்மா?” அம்மா: “குளிக்காம என்னடா, தினம் ரெண்டு வேளை குளிக்கிறேன்.” மகன் தெரபிஸ்டிடம்: “யெஸ், ஷீ கேன்.”

கேள்வியும் போச்சு, பதிலும் போச்சு.

மலம், சிறுநீர் பற்றிய கேள்விகளில் இது இன்னும் மோசம். மகனிடம் அம்மா அதைச் சொல்ல மாட்டார், மகனும் கேட்க மாட்டார். மகளோ மருமகளோ வரட்டும், இல்லையென்றால் தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று வார்டில் கேளுங்கள். கேள்வியைச் சுருக்காமல், வந்தது வந்தபடி சொல்லுங்கள்.

வார்டில் ‘பார்தெல்’ என்று ஒரு மதிப்பெண் சொன்னார்கள். 100க்கு 65 என்றால் பாஸா?

பாஸ், ஃபெயில் எதுவும் இல்லை. புளோரன்ஸ் மகோனி என்ற மருத்துவரும் டோரதியா பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் 1965ல் அமெரிக்காவில் வெளியிட்ட அளவுகோல் அது. பத்து வேலைகள், மொத்தம் 100. எல்லா வேலைக்கும் ஒரே மதிப்பெண் கிடையாது. அவர்களின் மூலக் கணக்கில் நடப்பதற்கும் கட்டில் மாறுவதற்கும் 15 வரை உண்டு, குளிப்பதற்கு 5தான். ஆக, மொத்த எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தால் பயனில்லை. எதில் குறைந்தது என்று கேளுங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் 90 வாங்கியவருக்கும் மாடிப்படி ஏற முடியாமல் 90 வாங்கியவருக்கும் வீட்டில் தேவைப்படுவது வேறு வேறு.

அந்த அளவுகோலை உருவாக்கியவர்களே ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள்: 100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை, அவருக்குச் சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ வராமல் இருக்கலாம்.

எது முதலில் திரும்பும்?

பொதுவாகச் சாப்பிடுவது முதலில் திரும்பும், குளிப்பது கடைசியில். 1963ல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் தன் குழுவோடு நோயாளிகளைக் கவனித்து இந்த வரிசையை எழுதினார். குழந்தை ஒவ்வொன்றாகக் கற்கும் வரிசையோடு இது ஒத்துப்போகிறது என்றும் சொன்னார். “எல்லாம் செய்றார், குளிக்க மட்டும் கூப்பிடறார், சோம்பேறித்தனம்” என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதைச் சொல்வேன். குளியலில் நிற்கணும், குனியணும், திரும்பணும், ஈரத்தரையில் கால் வைக்கணும், கண்ணில் சோப்பு போகும்போது சமநிலை தவறாமல் இருக்கணும். சோம்பேறித்தனம் இல்லை.

அம்மாவுக்கு வலது பக்கம் பக்கவாதம். வார்டில் இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டார். வீட்டில் சாப்பிடவே மாட்டேன் என்கிறார். ஏன்?

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத ஆசை, ஏனென்றால் படிவத்தில் இதற்கு இடமே இல்லை.

வார்டில் கஞ்சி, கிண்ணம், ஸ்பூன். இடது கை ஓடிற்று, ‘சுயமாகச் சாப்பிடுகிறார்’ என்று குறித்தாயிற்று. வீட்டில் சோறு, ரசம், அப்பளம். அதை இடது கையால் தொடுவதா? எழுபது வருடம் அந்தக் கையை வேறு வேலைக்கு வைத்திருந்தவர். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி பேரப்பிள்ளைகள் முன்னால் இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு மூன்று வாரம் காப்பியும் பிஸ்கட்டுமாக இருந்து இளைத்துப்போனார். மகள் பசியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நாங்கள் செய்தது பெரிய வைத்தியம் இல்லை. கைப்பிடி தடித்த ஸ்பூன், விளிம்பு உயர்ந்த தட்டு, தட்டுக்கு அடியில் வழுக்காத விரிப்பு. சோற்றைக் கொஞ்சம் குழைய வடித்து, குழம்பைக் கெட்டியாக வைக்கச் சொன்னோம். முதல் சில நாள் அவருக்கு மட்டும் முன்னதாகவே பரிமாறச் சொன்னோம். அப்புறம் வலது கையைத் தட்டின் ஓரத்தில் ‘பிடித்துக்கொள்ள’ வைத்துப் பழக்கினோம். அந்தக் கை வேலை செய்யாவிட்டாலும் மேசைமேல் இருப்பதே அவருக்குத் தெம்பு.

இடது பக்கம் பாதிக்கப்பட்டவருக்கு இதே கதை கழிவறையில் தலைகீழாக நடக்கும். சாப்பிடும் வலது கையால் கழுவ வேண்டியிருக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கழிவறைக்குப் போவதைத் தவிர்ப்பதற்காகச் சாப்பாட்டையே குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வலது கைக்கு எட்டும் பக்கம் கைத்தெளிப்பான் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். தானே தண்ணீர் பீய்ச்சும் இருக்கை வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

உடை விஷயத்திலும் அப்படியே. நைட்டி போடத் தெரிந்தால் ‘உடுத்துகிறார்’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அவர் கோயிலுக்குச் சேலையில்தான் போவார் என்றால் அதையும் சொல்லுங்கள், பழக வழி இருக்கிறது. மடிப்பைத் தைத்து வைத்த சேலை, முன்பக்கம் வெல்க்ரோ வைத்த ரவிக்கை. போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அந்தக் கை கடைசியில். இதை மட்டும் வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தரையில் உட்கார்ந்து பூசை செய்பவர், குத்துக்காலிட்டு வாளியிலிருந்து மோந்து குளிப்பவர் என்றால் அதையும் தெரபிஸ்டிடம் சொல்லியாக வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் பலரை இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது என்பார்கள். குட்டை முக்காலியில் உட்கார்ந்து குளிப்பது அவர்களுக்கு ஆபத்து.

மதிப்பீட்டை வைத்து என்ன பண உதவி கிடைக்கும்?

எத்தனை வேலைகளில் உதவி வேண்டும், எந்த அளவுக்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது.

ஆறில் மூன்றையோ அதற்கு மேலோ இன்னொருவரின் கை இல்லாமல் செய்யவே முடியாது என்றால் அது கடுமையான உடற்குறை. கேர்ஷீல்டு லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த நிலை நீடிக்கும்வரை, வாழ்நாள் முழுக்க, மாதாமாதம் பணம் வரும். 2020 அக்டோபரில் திட்டம் தொடங்கியபோது தொகை 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). புதிதாகக் கோருபவர்களுக்கு ஆண்டுதோறும் அது உயர்ந்து வருகிறது. 1980லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் 30 வயதானதும் தானாகவே இதில் சேர்ந்துவிடுவார்கள். அதற்கு முன் பிறந்தவர்களில் பலரிடம் பழைய எல்டர்ஷீல்டு காப்புறுதி இருக்கும்: மாதம் 300 வெள்ளி 60 மாதங்களுக்கு, அல்லது 400 வெள்ளி 72 மாதங்களுக்கு. மெடிசேவ் கேர் வழியாகத் தன்னுடைய அல்லது துணைவரின் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து, இருப்பைப் பொறுத்து, மாதம் 200 வெள்ளி வரை எடுக்கலாம்.

மூன்று வேலைகளில் ஓரளவு உதவி எப்போதுமே தேவை என்றால் இல்லப் பராமரிப்பு மானியம் இருக்கிறது. 2019ல் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023ல் 400 வெள்ளி வரை உயர்ந்தது. 2026 ஏப்ரலிலிருந்து 600 வெள்ளி வரை என்று அறிவித்தார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள்.

ஒரே ஒரு வேலைக்கு உதவி தேவைப்பட்டாலும், பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாத லெவி 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைய வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. வீட்டில் 67 வயதைத் தொட்ட குடிமகன் இருந்தால் இந்தச் சலுகைக்கு மதிப்பீடே வேண்டாம்.

எதற்கு விண்ணப்பிப்பது என்று குழப்பமாக இருந்தால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

மதிப்பீட்டாளர் வரும் நாளில் அம்மாவைக் குளிப்பாட்டி, நல்ல உடை உடுத்தி, ‘பளிச்’சென்று வைக்க வேண்டாமா?

விருந்தாளி வருகிறார் என்றால் கை அப்படித்தான் போகும். எனக்கும் புரிகிறது. ஆனால் அன்று மட்டும் வேண்டாம். மற்ற நாள் எப்படியோ அப்படியே இருக்கட்டும். மதிப்பீட்டாளர் சட்டையைக் கழற்றிப் போடச் சொல்வார், கட்டிலிலிருந்து எழச் சொல்வார். அம்மா திணறும்போது பார்க்கப் பொறுக்காமல் நீங்கள் கை கொடுத்துவிடாதீர்கள். மதிப்பீட்டாளர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

மாறாக, இல்லாத கஷ்டத்தை நடிக்கச் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். எங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்: தேநீர்க் கோப்பையைத் தூக்கிய கை, சட்டைப் பொத்தானுக்கு மட்டும் தூங்கிப்போகாது.

முந்தைய ஒரு வாரத்துக்குக் குறிப்பு எழுதி வையுங்கள். பெரிதாக வேண்டாம், காலண்டர் தாளில் போதும்: “செவ்வாய், இரவு 2 மணி, கழிவறை, நான் தூக்கி உட்காரவைத்தேன்.” நல்ல நாளில் மதிப்பீட்டாளர் வந்துவிட்டால் கெட்ட நாளைப் பற்றிப் பேச அந்தத் தாள் கைகொடுக்கும்.

குளியலறையில் என்ன மாற்றலாம்?

வீவக வீடு என்றால் ஈஸ் என்ற, மூத்தோருக்கான வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் கைப்பிடிகள், வழுக்காத தரைப் பூச்சு, சாய்தளம் கிடைக்கும். குடிமக்களுக்குச் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்கும். 65 வயதானவர் வீட்டில் இருக்க வேண்டும்; 60லிருந்து 64 வரை என்றால் ஓர் அன்றாட வேலைக்காவது உதவி தேவைப்பட வேண்டும். சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி போன்றவற்றுக்கு மூத்தோர் நடமாட்ட, இயலச்செய்யும் நிதியில் 90 விழுக்காடு வரை உதவி உண்டு. ஆளுக்கேற்ற அளவு பார்த்து வாங்குங்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பழைய சக்கர நாற்காலி இலவசமாகக் கிடைத்தாலும், குளியலறைக் கதவில் நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் நுழையாது.

துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடியாக நினைக்காதீர்கள். ஆள் எடையைத் தாங்காமல் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

பணிப்பெண் எல்லாவற்றையும் செய்துவிடுகிறார். அது நல்லதுதானே?

செய்ய முடியாததைச் செய்தால் நல்லது. முடிந்ததையும் செய்தால் ஆறு மாதத்தில் அதுவும் முடியாமல் போகும். பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆனாலும் தாத்தாவே போடட்டும். டிஸ்சார்ஜுக்கு முன் பணிப்பெண்ணை வார்டுக்கு அழைத்து வாருங்கள், தூக்கும் முறையைச் சொல்லித் தருவோம். கழுத்தில் கையைக் கோத்துத் தூக்குவதை நிறுத்துங்கள், தூக்குபவரின் இடுப்பும் போகும்.

அப்பா ஆறையும் செய்கிறார், ஆனால் தனியாக விடப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கலாம். மருந்தைச் சரியாக எடுப்பது, அடுப்பை அணைப்பது, பணத்தை எண்ணிக் கொடுப்பது, தொலைபேசியில் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் வேறு பட்டியல். 1969ல் லாட்டனும் பிராடியும் இப்படி எட்டு வேலைகளைத் தொகுத்தார்கள். ஞாபக மறதி தொடங்கும்போது முதலில் ஆட்டம் காண்பது இந்தப் பட்டியல்தான். காப்பிக் கடைக்கு அவரோடு போங்கள். “நீங்க வாங்குங்கப்பா” என்று சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்து பாருங்கள். வரிசையில் நின்று, இரண்டு கோப்பி ஓ (பாலில்லாக் காப்பி) சொல்லி, மீதிச் சில்லறையை வாங்கி, தளும்பாமல் கொண்டுவருகிறாரா? நான் எந்தப் படிவத்தில் கேட்பதைவிடவும் அது நிறையச் சொல்லும்.

மறுபடி எப்போது மதிப்பிட வேண்டும்?

பக்கவாதம் என்றால் முதல் மூன்று மாதத்தில் மாற்றம் வேகமாக இருக்கும், அதற்குள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதன் பிறகு விழுந்தாலோ, திரும்ப மருத்துவமனைக்குப் போய் வந்தாலோ, பார்த்துக்கொள்பவர் மாறினாலோ உடனே. மதிப்பீட்டாளருக்காகக் காத்திருக்காமல் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். கூடவே ஓர் ஆள் நிற்கணும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று எடுத்துக்கொள்வோம். என் அப்பா இப்போது 11. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் “இன்னைக்கு எவ்வளவு?” என்று அவரே கேட்கிறார். 10 என்று பொய் சொல்ல வேண்டும் போலிருக்கும், சொல்வதில்லை.